பெர்சிதா மூடிய ஜன்னல்கள்

பெர்சிதா யாரையும் குறுக்குக் காற்றில் உட்காரவிட மாட்டாள். எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் நடுவில் இருப்பவருக்குக் கழுத்துப் பிடிக்கும், காது வலிக்கும், வாய் கோணும், நெஞ்சில் சளி கட்டும் என்பது விளாசோட்டின்சே ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே முதியோர் இல்லத்தில் முப்பத்து நாலு வருஷம் செவிலியாக இருந்தவளுக்கு அது இன்னும் கூடுதலாகத் தெரியும். அறைக்குள் நுழைந்தால் அவள் முதலில் பார்ப்பது ஜன்னலை. பிறகு படுக்கைப்புண், பிறகு மூத்திரப் பை, கடைசியில்தான் ஆள்.

கல்யாணம் ஒன்று செய்து, எட்டு வருஷத்தில் முடித்துக்கொண்டாள். பிள்ளை இல்லை. அழுதுகொண்டு வரும் சொந்தக்காரர்களுக்கு ஒரு நாற்காலியும் ஒரு வேலையும் கொடுப்பாள்: “இந்தத் துணியை மடிங்க.” மடித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் அழுகை நின்றுவிடும். தலைக்கு மேல் வேலை இருந்த காலத்திலும் அவள் கையில் ஒரு கிழவிகூடக் கட்டிலிலிருந்து விழுந்ததில்லை. இதை அவளே சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் சொன்னால் மறுப்பதும் இல்லை.

மார்ச் எட்டாம் தேதி பெண்கள் தினத்துக்கு இல்லத்தில் வேலை பார்க்கும் பெண்களை ஒரு பேருந்தில் ஏற்றி எங்காவது கூட்டிப்போவது பழைய வழக்கம். ஆளுக்கொரு கார்னேஷன் பூ, வறுத்த இறைச்சி, பாட்டுக்காரன், வீடு திரும்பும்போது இரண்டு பேராவது வாந்தி. ஓய்வு பெற்ற பிறகும் மூன்று பேர் அந்த வழக்கத்தை விடவில்லை. பெர்சிதா, சமையல்கட்டில் இருந்த ஸாகோர்கா, சலவை அறையில் இருந்த தோப்ரிலா. ஸாகோர்காவிடம் இருபத்தாறு வருஷப் பழைய கார் ஒன்று இருந்தது. அவள் புருஷன் விட்டுப்போனதில் ஓடுகிற பொருள் அது மட்டுமே.

இந்த வருஷம் திட்டம் பெரிது. மாசிடோனியா வழியாக ஓஹ்ரிட் ஏரி, அங்கிருந்து மலை தாண்டி அல்பேனியாவில் கோர்ச்சா, பிறகு இறங்கி கிரேக்கக் கடற்கரை. ஐந்து நாள். எழுபத்தொரு வயது தோப்ரிலா கடலைப் பார்த்ததே இல்லை. அவள் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது. இலையுதிர் காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள். இந்த வசந்தத்தை விட்டால் அடுத்ததற்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லவில்லை. மாத்திரைச் சீட்டைப் பார்த்தே பெர்சிதா தெரிந்துகொண்டாள்.

தோப்ரிலாவின் மகன் நெபோய்ஷா வாசலிலேயே மறித்தான்.

“அத்தை, அம்மாவுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. அஞ்சு நாளு, மூணு நாடு. உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

“படி ஏத்தப் போறதில்ல. உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

“ஏதாவது ஆச்சுன்னா?”

“நான் இருக்கேன்ல. உயிரோட திருப்பிக் கொண்டுவந்து விடுறேன். என் வாக்கு.”

தோப்ரிலா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டே, “டேய், சாமான் மாதிரி ஒப்படைக்கிறியே, கையெழுத்து வாங்கிக்கோடா,” என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. பெர்சிதாவையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி தெரு முனை திரும்பும்வரை அப்படியே நின்றான்.

ஏழாம் தேதி காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். பெருஞ்சாலையில் லாரிகள் இடித்துத் தள்ளும் என்று ஸாகோர்கா பழைய பள்ளத்தாக்குச் சாலையைப் பிடித்தாள். பனி உருகும் நாட்களில் கிர்தேலிட்சா பள்ளத்தாக்கில் பாறை தளர்ந்து கல் விழும். அன்றும் ஒரு வளைவில் ரொட்டி அளவு கல் ஒன்று சாலை நடுவில் கிடந்தது. ஸாகோர்கா சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

அடியில் டமால் என்றது. அதிலிருந்து வண்டி டிராக்டர் போல உறுமியது.

அடுத்த ஊர் பெட்ரோல் பங்கில் ஒரு ஆள் அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்தான். புகைக்குழாய் உடைந்திருந்த இடத்தில் ஒரு பீர் டப்பாவை வெட்டிச் சுற்றி, கம்பியால் இறுக்கினான்.

“ஓஹ்ரிட் வரைக்கும் தாங்கும். அங்க போய் ஒழுங்கா மாத்துங்க,” என்றான்.

“கிரீஸ் வரைக்கும் தாங்குமா?” என்று ஸாகோர்கா கேட்டாள்.

“கிரீஸ்காரங்க வச்சிருக்கற சாமியைக் கேளுங்க.”

உறுமல் பாதியாகக் குறைந்தது. டிக்கியின் தரைத் தகடு துருவேறி ஓட்டை விழுந்திருப்பதையும், அதன்மேல் ஸாகோர்கா தன் பழைய சமையலறை விரிப்பைப் போட்டு மூடியிருப்பதையும் அவன் பார்க்கவில்லை. பெர்சிதா பார்த்திருந்தாள். ஈரம் ஏறாமல் இருக்க நல்ல யோசனை என்று நினைத்தாள்.

மாசிடோனியா எல்லை தாண்டும்வரை குறை ஒன்றுமில்லை. ஸாகோர்கா ஒன்று மாற்றி ஒன்று புகைத்தாள், அதற்காகத் தன் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்திருந்தாள். பின்னால் வலதுபக்கக் கண்ணாடி எப்போதும் இரண்டு விரல் மேலேறாமல் நிற்கும். குமானோவோவில் காபி குடித்தார்கள். தோப்ரிலா இறைச்சி வைத்த பூரெக் அடை ஒன்றை முழுசாகத் தின்று, தட்டில் ஒட்டியதையும் விரலால் வழித்தாள்.

ஸ்கோப்யே தாண்டியதும் மழை பிடித்தது. ஷார் மலையிலிருந்து வந்த காற்றில் இன்னும் குளிர்காலம் இருந்தது.

“கழுத்துல ஊசி குத்தற மாதிரி இருக்கு,” என்று பின்சீட்டிலிருந்து தோப்ரிலா சொன்னாள்.

பெர்சிதா உடனே திரும்பினாள். முன்சீட்டு ஜன்னலிலிருந்து பின்சீட்டு ஜன்னலுக்கு நேர்கோட்டில் காற்று. நடுவில் தோப்ரிலாவின் கழுத்து. இத்தனை நேரம் கவனிக்காமல் இருந்ததற்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“ஸாகோர்கா, கண்ணாடியை ஏத்து.”

“நான் புகைக்க வேண்டாமா?”

“வேண்டாம். இவ நெஞ்சுல சளி கட்டினா உன் சிகரெட்டா வந்து உறிஞ்சி எடுக்கும்? ஏத்துடி.”

“ஹிட்லர்,” என்று முணுமுணுத்துக்கொண்டே ஸாகோர்கா கைப்பிடியைச் சுற்றினாள். பெர்சிதா தன் கம்பளித் துண்டை எடுத்து, பின்சீட்டுக்கு எக்கி, மூடாத கண்ணாடியின் இடுக்கில் விரலால் குத்திக் குத்தி அடைத்தாள். கட்டில் ஓரத்தில் விரிப்பைச் செருகும் அதே நேர்த்தி. ஹீட்டரைக் கடைசிவரை திருப்பினாள். கடிகாரத்தைப் பார்த்தாள்; பதினொன்றே கால். எதைச் செய்தாலும் மணி பார்ப்பது அவளுடைய தொழில் பழக்கம்.

வண்டிக்குள் அடுப்பங்கரை போலக் கதகதப்பானது. புகைவாசம் இருந்தது. அந்தக் காரில் புகைவாசம் இல்லாத நாள் கிடையாது.

கோஸ்டிவார் வரும்போது தோப்ரிலா வாயைப் பொத்தியிருந்தாள். “தலை வெடிக்குது. குமட்டுது.”

“அந்த பூரெக்கை அப்படி அடைச்சா குமட்டாம?” என்றாள் ஸாகோர்கா. அவளும் நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். “எனக்கு சிகரெட் இல்லாம தலைவலி. இவளுக்குத் தின்னு தலைவலி. உனக்கு, பெர்சா?”

“எனக்கு உங்க ரெண்டு பேராலயும்.”

பேருந்து நிலையத்துப் பக்கத்துக் கடையில் அரை மணி உட்கார்ந்தார்கள். பெர்சிதா நாடி பிடித்தாள். வேகம், ஒழுங்கில்லை, ஆனால் தோப்ரிலாவுக்கு அது புதிதல்ல. மலைமூலிகைத் தேநீர் கொடுத்து, வாசலில் பத்தடி நடக்கவைத்தாள். இருபது நிமிஷத்தில் தோப்ரிலா தெளிந்து, கடைக்காரனின் மீசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

“பார்த்தியா? காத்து பட்டதுதான். மூடினதும் சரியாயிடுச்சு,” என்றாள் பெர்சிதா.

முப்பத்து நாலு வருஷ அனுபவத்தில் இப்படித் தலைகீழாக அவள் எதையும் படித்ததில்லை. உள்ளே இருந்தபோது நோவு. வெளியே வந்ததும் சுகம். கண்முன்னே இருந்தது. தோப்ரிலாவை மறுபடி உள்ளே உட்காரவைத்து, தொப்பிமேல் ஒரு சால்வையைச் சுற்றி, அடைத்த துண்டு நழுவியிருக்கிறதா என்று பார்த்து, நழுவியிருந்ததை இன்னும் உள்ளே தள்ளினாள்.

ஸ்த்ராஷா கணவாய்க்கு ஏறும்போது மழை பனியானது. வண்டி இரண்டாவது கியரில் முனகியது. சாலையோரத்தில் அழுக்குப் பனிக்குவியல். அதற்கப்பால் பள்ளம், கண்ணுக்குத் தெரியாத அளவு மேகம். எதிரே வண்டிகள் குறைந்தன. ஸாகோர்கா பேச்சை நிறுத்தியிருந்தாள். அவள் பேச்சு நின்றதைப் பெர்சிதா ஓர் இளைப்பாறலாக எடுத்துக்கொண்டாள்.

ஒரு வளைவில் வண்டி கோட்டைத் தாண்டி இடதுபக்கம் போய், மெதுவாகத் திரும்பி வந்தது.

“தூங்கறியாடி?”

“இல்ல,” என்றாள் ஸாகோர்கா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “இல்ல,” என்றாள், யாரோ இரண்டாவது முறை கேட்டதுபோல.

தோப்ரிலாவின் இரண்டு மணி மாத்திரைக்கு நேரம் நெருங்கியிருந்தது. பெர்சிதா மடியிலிருந்த குப்பியின் மூடியைத் திருகினாள். விரல்கள் மூடியின்மேல் வழுக்கின. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆயிரம் குப்பிகளைத் திறந்த விரல்கள், வேறு யாருடையவோ போலக் கிடந்தன. தலைக்குள் சம்மட்டி அடித்தது. வயசு, என்று நினைத்தாள்.

ஸாகோர்கா தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். நாக்கு தடித்திருந்தது. “அவளைப் பாரேன். எப்படித் தூங்கறா. கன்னம் செவந்து... கல்யாணப் பொண்ணு மாதிரி.”

பெர்சிதா திரும்பிப் பார்த்தாள். இலையுதிர் காலத்திலிருந்து சாம்பல் பூத்துக் கிடந்த முகம் அது. இப்போது ஆப்பிள் போலச் சிவந்திருந்தது.

அந்தச் சிவப்பை அவள் ஒரு முறை பார்த்திருக்கிறாள். இருபத்து மூன்று வயதில், மலைக்கிராமங்களுக்கு வீடு வீடாகப் போய்வரும் வேலையில் இருந்தபோது, செத்துக்கிடந்த ஒரு கிழவரையும் கிழவியையும் குளிப்பாட்டினாள். ஒரே கட்டில், ஒரே இரவு. கன்னம் சிவந்து, நகம்கூட ரோஜா நிறம். அக்கம்பக்கத்தார், தூக்கத்திலேயே, எவ்வளவு நிம்மதியான சாவு, சேர்ந்தே போனார்கள் பார் என்று மெச்சினார்கள். அறையில் விறகடுப்பு இருந்தது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் கந்தல் அடைத்திருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால், கிழவிக்கு இருமல் என்று, பெர்சிதாவே முழங்காலில் நின்று அடைத்த கந்தல். பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில், அடுப்புப் புகையிலும் வண்டிப் புகையிலும் இருக்கும், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைப் பற்றிப் பாடம் நடந்தது. கன்னம் சிவக்கும் என்று பலகையில் எழுதிப்போட்டார்கள். மற்றவர்களைப் போல அவளும் குறிப்பெடுத்தாள். அந்தக் கிழவியின் மகளை அதற்குப் பிறகு சந்தையில் இரண்டு முறை பார்த்தாள். மிளகாய் விலையைத்தான் பேசினார்கள்.

“நிறுத்து,” என்றாள் பெர்சிதா.

ஸாகோர்கா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதாகத் தெரியவில்லை.

பெர்சிதா கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். வண்டி அரைவட்டம் அடித்து, பனிக்குவியலில் மூக்கை நுழைத்து நின்றது. கதவைத் திறந்தாள், கால் மடங்கி விழுந்தாள், எழுந்தாள். சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தாள். ஸாகோர்காவின் காலரைப் பிடித்து வெளியே இழுத்தபோது அவள் தானாகவே சரிந்து, கையையும் முழங்காலையும் ஊன்றிப் பனிமேல் வாந்தி எடுத்தாள். நல்லது, அவளால் அது முடிகிறது. தோப்ரிலா எழுந்திருக்கவில்லை. கக்கத்தில் கைகொடுத்து, தன் எடையைப் பின்னால் சாய்த்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் அதே முறையில் இழுத்து, கோட்டை விரித்து அதன்மேல் கிடத்தினாள். மூச்சு இருந்தது. நாடி, எண்ண முடியாதபடி. மணி இரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது.

உருளைக்கிழங்கு ஏற்றிய சிறு லாரி ஒன்று நின்றது. பெஸ்னிக் என்ற ஐம்பது வயது அல்பேனியன் இறங்கி ஓடிவந்தான்.

“ஐயையோ, பெரியம்மா, கிழவியைப் பனியிலயா போடுவீங்க! தூக்குங்க, என் வண்டியில ஹீட்டர் சூடா இருக்கு!”

“தூக்கு. ஆனா ரெண்டு கண்ணாடியையும் இறக்கு. முழுசா.”

“என்னது?”

“இறக்கு.”

“காத்து அடிச்சு செத்துடுவா!”

“இறக்கலன்னாதான் சாவா. இவ காத்து இல்லாமதான் இப்படிக் கிடக்கறா. ஆஸ்பத்திரி எங்க?”

“கிச்சேவோல. இருபது நிமிஷம். பெரியம்மா, எங்கம்மா இப்படித்தான் ஒரு நாள் ஜன்னல் பக்கத்துல...”

“உங்கம்மாவைப் பத்தி வழியில சொல்லு.”

அவன் இறக்கினான். ஆனால் தன் கழுத்தில் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். இறக்கம் முழுவதும் பனி முகத்தில் அறைந்தது. ஸாகோர்காவை அவன் கதவோரம் சாய்த்து ஏற்றியிருந்தான். அவள் தலையை வெளியே நீட்டியபடியே வந்தாள். பெர்சிதா தோப்ரிலாவின் தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு முறை பெஸ்னிக்கின் கை தன்னையறியாமல் கண்ணாடிக் கைப்பிடிக்குப் போனது. இரண்டு முறையும் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தவறு ஒன்றுமில்லை, அவன் நல்லவன். அதே கை அவளுக்கும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். இளம்வயது டாக்டரம்மா ஒருத்தி காகிதத்தோடு வந்தாள்.

“எவ்வளவு நேரம் அடைச்ச வண்டியில இருந்தாங்க?”

“பதினொன்னே காலுக்கு அடைச்சது. ரெண்டாக அஞ்சு நிமிஷம் இருக்கறப்பத் திறந்தது. நடுவுல அரை மணி வெளியே.”

“இவ்வளவு துல்லியமா எப்படித் தெரியும்?”

“அடைச்சது நான்தான்.”

டாக்டரம்மா ஏறிட்டுப் பார்த்தாள். எழுதுவதா வேண்டாமா என்று பேனா நின்றது.

“எழுதுங்க,” என்றாள் பெர்சிதா. “செவிலின்னும் எழுதுங்க.”

இருட்டும் நேரத்தில் தோப்ரிலா கண் திறந்தாள். முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. “கடலா?”

“இல்ல. கிச்சேவோ.”

“அதானே. மணல் இவ்வளவு கெட்டியா இருக்காதேன்னு பார்த்தேன்.”

இதயம் அடி வாங்கியிருக்கிறது, இன்னும் எவ்வளவு என்று சொல்ல முடியாது, இனி பயணம் வீட்டுக்கு மட்டும்தான் என்றார்கள். மூன்று நாள் பெர்சிதா நாற்காலியில் இருந்தாள். துடைத்தாள், திருப்பிப் படுக்கவைத்தாள், குதிகாலைப் பார்த்தாள். ஸாகோர்கா வராந்தாவில் நின்று புகைத்து, அழுது, திட்டு வாங்கினாள்.

பெர்சிதா முதல் நாளே நெபோய்ஷாவை அழைத்துச் சொல்லியிருந்தாள். அம்மாவை அனுப்பும் நாளில் அவன் வந்தபோது வராந்தாவில் நிறுத்தி மறுபடியும் சொன்னாள்.

“உட்காரு. ஜன்னலை மூடினது நான். துண்டை வச்சு அடைச்சது நான். கோஸ்டிவார்ல தெரிஞ்சிருக்கணும். தெரியல.”

அவன் தரையைப் பார்த்தான். “அந்தக் குளிர்ல யார்தான் மூடமாட்டாங்க, அத்தை? குழாயைக் கட்டினானே, அவனைச் சொல்லணும்.”

“குழாய் தனியா கொல்லாது.”

“விடுங்க. யாரும் உங்களைக் குத்தம் சொல்லல.”

திட்டுவான் என்று எதிர்பார்த்து நின்றவளுக்கு இது அடியைவிடக் கெட்டதாகப் பட்டது. அவன் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. யாரும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

முற்றத்தில் அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, போர்வை சுற்றி, நாலு கண்ணாடியையும் ஏற்றினான். அவன் கார் புதியது. ஆனாலும் பெர்சிதா அறுபத்தெட்டு வயதில் ஈரத்தரையில் முழங்காலிட்டு அடியில் எட்டிப் பார்த்தாள். எஞ்சினை ஓடவிடச் சொல்லிக் காது வைத்துக் கேட்டாள்.

“முன்னாடி கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கு.”

“அத்தை, அம்மாவுக்குக் குளிருமே.”

“குளிரட்டும். இறக்குடா.”

இறக்கினான். கூட வாருங்கள் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஸாகோர்காவோடு பேருந்தில் போனால் போதும். கார் வாசலைத் தாண்டித் திரும்பும்போது, அந்தக் கண்ணாடி மெல்ல மேலேறி மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள்.

கைப்பேசியை எடுத்தாள். அரை மணிக்கொருமுறை அழைத்தாள். கார் கோஸ்டிவார் போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்தில் அழைத்தாள். ஸ்கோப்யே தாண்டியிருக்கும் நேரத்தில் அழைத்தாள். எல்லையில் வரிசை நீளம் என்றான்.

“எஞ்சின் ஓடுதா?”

“ஓடுது, ஹீட்டர் வேணுமே.”

“அம்மா என்ன பண்றாங்க?”

“தூங்கறாங்க.”

“எழுப்பு.”

“அத்தை, பாவம், இப்பதான்...”

“எழுப்பு. பேரைச் சொல்லச் சொல்லு. இன்னிக்கு என்ன கிழமைன்னு கேளு.”

போனில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அவன், அம்மா, அம்மா என்றான். மறுபடி, கொஞ்சம் உரக்க, அம்மா என்றான். கிச்சேவோ பேருந்து நிலையத்துப் பெஞ்சிலிருந்து பெர்சிதா எழுந்து நின்றாள்.

“என்னடா?” என்ற குரல் தூரத்தில் கேட்டது. “செவ்வாக்கிழமை. அந்தச் சனியன் பிடிச்சவகிட்ட சொல்லு, செவ்வாக்கிழமைன்னு.”

“கண்ணாடியை இறக்கு,” என்றாள் பெர்சிதா. கைப்பேசியை அவள் வைக்கவில்லை. மோட்டார் முனகி, கண்ணாடி இறங்கி, எல்லைச்சாவடியின் இரைச்சலும் காற்றும் உள்ளே வரும்வரை கேட்டுக்கொண்டே நின்றாள்.